துறவைக் கற்பிக்க இயலுமா?

மகளுக்கு எந்தக் கல்லூரி, மகனுக்கு எந்தப் பட்டம் என்று ஆராய்வதில் நம் குடும்பங்கள் காட்டும் அக்கறை பெரிது. விண்ணப்பம் வாங்குவது முதல் விடுதி பார்த்துவருவது வரை வீட்டில் உள்ளோர் அனைவரும் கூடிப் பேசுவர். அதே இல்லத்தில் பிள்ளை ஒருவன், "அறநூல்களை முறையாகக் கற்க விரும்புகிறேன், என் வாழ்நாளையே அதற்குத் தரலாமா என்றும் எண்ணுகிறேன்" என்று சொன்னால் என்ன நிகழும்? தாய் கண் கலங்குவார். "உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்று தந்தை கேட்பார். உறவினர் ஒருவர் பின் ஒருவராக வந்து புத்தி சொல்வர். அருகப் பெருமானை நாள்தோறும் வணங்கும் இல்லத்தில், அப்பெருமான் சென்ற நெறியை நாடும் பிள்ளை துயரச் செய்தியாகிவிடுகிறான். இம்முரண்பாடு நாம் நின்று சிந்தித்தற்குரியது.

அந்தத் தாய்தந்தையரின் அச்சம் பொருளற்றது என்று நாம் சொல்லவில்லை. சமயத்தைக் கல்லூரியில் வைத்துக் கற்க இயலுமா? துறவு பாடத்திட்டத்துள் அடங்குமா? கற்கச் சென்றவன் இடையில் திரும்பிவந்தால் அவன் கதி என்ன? இவ்வினாக்களுக்கு விடை தெரியாமையே அந்த அச்சத்தின் வேர். ஆதலின் வினாக்களையே நேராக எடுத்துக்கொள்வோம்.

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணிப் பகுதிச் சிற்றூர்களை விட்டுத் தொழில் நாடிச் சென்னைக்கு வந்த நம்மவர், அம்பத்தூர், ஆவடி போன்ற மேற்குப் புறநகர்களிலும் குடியமர்ந்தனர். அவர்களுக்கு அண்மையிலேயே, பூவிருந்தவல்லியில், இவ்வினாக்களைப் பல்லாண்டுகளாக எதிர்கொண்டுவரும் கல்விக்கூடம் ஒன்று உள்ளது. அது கத்தோலிக்கக் கிறித்தவர்களின் திரு இருதயக் குருத்துவக் கல்லூரி. சென்னைப் பேராயராக இருந்த லூயி மத்தியாஸ் அவர்களால் 1936ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. நம் கலைக்கல்லூரிகளோடு ஒப்பிட்டால் மாணவர் தொகையால் சிறியது. ஆயினும் அங்குச் சேர்பவன் தேடிச் செல்வது ஒரு வேலையை அன்று, ஒரு வாழ்க்கையை. பிறர் சமயத்தார் இதனை எவ்வாறு நடத்துகின்றனர் என்று அறிவதில் நமக்கு இழிவில்லை. பல பக்கங்களிலிருந்தும் ஒரு பொருளை நோக்குக என்பதுதானே அநேகாந்தம் நமக்குக் கற்பித்த பாடம்?

குருத்துவக் கல்லூரியை ஐரோப்பிய மொழிகளில் 'செமினரி' என்பர். அது 'நாற்றங்கால்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1563ஆம் ஆண்டு, திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம், மறைமாவட்டந்தோறும் இத்தகைய நாற்றங்கால் ஒன்று அமைதல் வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன்னர்க் குருமாரின் பயிற்சி ஒரே ஒழுங்கின்றி இருந்தது. போதிய கல்வியில்லாதோரும் குருவாயினர். அக்குறையைக் களையவே இவ்வேற்பாடு எழுந்தது.

உழவர் குடியில் பிறந்த நமக்கு நாற்றங்காலைப் பற்றி எவரும் விளக்க வேண்டுவதில்லை. நாற்றங்கால் விளைநிலம் அன்று. அங்கே நெல் முற்றுவதில்லை, அறுவடையும் இல்லை. விதை முளைக்குமா, முளைத்தது நிலைக்குமா என்று பார்க்கும் இடம் அது. எல்லா நாற்றும் ஒரே வயலுக்குப் போவதுமில்லை. இவ்வுவமையை மனத்தில் இருத்திக்கொண்டால் மேற்கொண்டு சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

அவர்களுடைய பயிற்சி நெடியது. மெய்யியலும் இறையியலும் சேர்ந்து ஆறு முழு ஆண்டுகளேனும் கற்றல் வேண்டும் என்பது 1983இல் வெளியான அவர்களது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் விதி. 1992இல் போப் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட மடல், இப்பயிற்சிக்கு நான்கு கூறுகள் உண்டு என்று வகுத்தது: மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மக்கட்பணி. மனிதப் பண்பே முதலில் வைக்கப்பட்டது கருதத்தக்கது. நல்ல மனிதனாகாதவன் நல்ல குருவாக இயலாது என்பது அதன் கருத்து. 2016இல் உரோமை வெளியிட்ட நெறிமுறையோ, மெய்யியல் தொடங்குமுன் ஆயத்தக் காலம் ஒன்றையும் கட்டாயமாக்கியது. இத்தனையும் கடந்த பின்னும், 25 வயது நிறையாதவனுக்குப் பொதுவாகக் குருப்பட்டம் இல்லை.

அச்சட்டத் தொகுப்பில் நம்மை மிகவும் ஈர்த்தது பிறிதொரு விதி. எவரையும் எவ்வகையாலும் எக்காரணத்தாலும் வற்புறுத்திக் குருவாக்குதல் கூடாது என்கிறது அது. அத்தோடு நிற்கவில்லை. தகுதியுடைய ஒருவனைக் குருவாகாதபடி தடுத்தலும் கூடாது என்று அதே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. வற்புறுத்தல் குற்றம் என்பதை யாவரும் ஒப்புவர். தடுத்தலும் அதே நிறையுள்ள குற்றம் என்பதை எண்ணிப் பார்த்தோர் நம்முள் எத்தனை பேர்? மனிதனுடைய உள்ளுரிமையில் கைவைப்பது என்ற வகையில் இரண்டும் ஒன்றேயன்றோ?

இனி, அவர்களுக்கும் நமக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. அவர்கள் இவ்வாழ்க்கையை 'இறையழைத்தல்' என்பர். அழைப்பவன் இறைவன், கேட்பவன் மனிதன். நம் நெறியில் உலகைப் படைத்துக் காத்து அழைக்கும் கடவுள் இல்லை. வீடடைந்த சித்த பரமேட்டிகள் எவரையும் கூவி அழைப்பதில்லை. அவ்வாறாயின் ஒரு சமணப் பிள்ளையின் உள்ளத்தில் எழும் துறவு வேட்கையை எழுப்பியது யார்?

உயிரே தன்னை எழுப்பிக்கொள்கிறது என்பது நம் ஆகமங்களின் விடை. முழுத் துறவைத் தடுத்து நிற்பது ஒருவகைக் கஷாயம். சினம், செருக்கு, வஞ்சம், பற்று ஆகிய நான்கும் அந்த அளவில் உள்ளவரை மகாவிரதம் கைகூடாது. அவை அடங்குமளவுக்கு உயிரின் இயல்பான நாட்டம் வெளிப்படும். மேகம் விலகியபின் கதிரவனை எவரும் ஏற்ற வேண்டியதில்லை. ஆதலின் நம்மிடையே துறவு, கொடுக்கப்படும் ஒன்றன்று. தடை நீங்க வெளிப்படும் ஒன்று.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. தடை உண்மையில் நீங்கியதா, நீங்கியதாக நினைக்கிறோமா என்பதை எவ்வாறு அறிவது? தேர்வில் தோற்ற வருத்தமும், திருமணம் தட்டிப்போன மனக்கசப்பும், பெரியோர் ஒருவர்மேல் கொண்ட அளவிறந்த மதிப்பும் துறவு வேட்கையின் வேடம் பூண்டு வரக்கூடும். இறைவன் அழைத்தான் என்பவனுக்கும் இதே ஐயம் உண்டு. கஷாயம் தணிந்தது என்பவனுக்கும் உண்டு. இருசாராருக்கும் உரைகல் ஒன்றே: காலம், ஒழுக்கம், தன்னை நன்கறிந்த பிறரின் சான்று.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்டகம் இல்லறத்தானுக்குரிய பதினொரு படிநிலைகளை முறைப்படுத்தியுள்ளது. நற்காட்சியில் தொடங்கி, அணுவிரதம், சாமாயிகம், நோன்பு, இரவுண்ணாமை எனப் படிப்படியாக ஏறி, ஏழாம் நிலையில் பிரமசரியமும், ஒன்பதாம் நிலையில் உடைமை துறத்தலும், பதினோராம் நிலையில் தனக்கென ஆக்கிய உணவையும் விலக்கலும் வருகின்றன. அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பைத் தமிழில் ஓதும் நாம், இந்த ஏணியை ஒரு பயிற்சித் திட்டமாக நோக்கியதுண்டா? ஒவ்வொரு படியிலும் நின்று பார்க்கலாம். அடுத்த படிக்குக் கால் வராவிடின் அங்கேயே இருந்து அறம் செய்யலாம். எந்தப் படியில் நிற்பவனும் இகழத்தக்கவன் அல்லன்.

குந்தகுந்த ஆசாரியரின் பிரவசனசாரமும் ஓர் அரிய செய்தியைத் தருகிறது. துறவொழுக்கத்தைக் கூறும் அதன் மூன்றாம் பகுதியின் தொடக்கத்திலேயே, துறக்க விழைவோன் சுற்றத்தாரிடம் விடைபெற்று, பெரியோராலும் மனைவி மக்களாலும் விடுவிக்கப்பெற்று, பின்னரே ஆசாரியரை அணுகுகிறான். பொன்னூர் மலையில் அவர்தம் திருவடிகளை வணங்கும் நாம், இதன் பொருளையும் உணர்தல் வேண்டும். துறவு குடும்பத்துக்குத் தெரியாமல் ஓடிப்போவதன்று. குடும்பம் அறிந்து விடைகொடுக்கும் செயல். விடைகொடுக்கும் கடமை நமக்கு உண்டு என்றால், அதற்கு நம்மை ஆயத்தம் செய்துகொள்ளும் கடமையும் உண்டு.

வற்புறுத்தல் என்னும் குற்றம் நம் சமயத்தில் நிகழ்ந்ததே இல்லை என்று சொல்லிவிட இயலாது. சிறாருக்குத் தீட்சை அளித்தல் பற்றி வடநாட்டுச் சமணர்களிடையே நெடுங்காலமாக வாதம் நிகழ்ந்துவருகிறது. 1930களில் பரோடா சமஸ்தானம் சிறார் துறவைத் தடுக்கச் சட்டமே செய்தது. இளமையிலேயே துறந்து பேராசாரியராக விளங்கியோர் உண்டு என்பர் ஒருசாரார். அது மெய்யே. ஆயினும் உலகம் இன்னதென்று அறியாத குழந்தை எதனைத் துறக்கிறது என்று மறுசாரார் கேட்கும் வினாவும் எளிதில் தள்ளத்தக்கதன்று. கையில் இல்லாத பொருளைக் கொடுத்துவிட்டதாகச் சொல்வது கொடையாகாது. இந்த வாதத்துக்கு நடுவழி ஒன்றும் வடநாட்டிலேயே தோன்றியது. சுவேதாம்பரத் தேராபந்தத்தின் தலைவராயிருந்த ஆசாரிய துளசி, இல்லறத்தார்க்கும் துறவியர்க்கும் இடைப்பட்டதாகச் 'சமண்' என்னும் நிலையை 1980இல் ஏற்படுத்தினார். பயணத்தில் ஊர்திகளைப் பயன்படுத்தவும் வெளிநாடு சென்று அறம் உரைக்கவும் இந்நிலையினர்க்கு இசைவு உண்டு.

நம் தமிழ்நாட்டிலும் பயிற்சியிடங்கள் இல்லாமலில்லை. 'பள்ளி' என்ற சொல்லே துறவியர் உறைவிடத்தைக் குறித்துப் பின்னர்க் கல்விக்கூடத்துக்கு ஆகிவந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து வேடலில், ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டினது. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியையும் ஐந்நூறு மாணவியரும் அதில் பேசப்படுகின்றனர். நானூறு பெண்துறவியரோடு அவர்களுக்குப் பூசல் நேர்ந்ததையும், குரத்தியாரையும் மாணவியரையும் காத்து உணவளிக்க ஊரார் பொறுப்பேற்றதையும் அக்கல் சொல்கிறது.

பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட காலத்தைக் கண்ட நமக்கு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த ஐந்நூறு என்னும் எண் பெருமிதம் தருகிறது. ஆனால் பெருமிதத்தோடு முடித்துவிடலாகாது. அக்கல்வெட்டு மூன்று உண்மைகளை ஒளிவின்றிச் சொல்கிறது. ஒன்று, சமயம் முறையாகக் கற்பிக்கப்பட்டது. இரண்டு, கற்கும் இடத்தில் பூசலும் இருந்தது. புனித இடம் என்பதால் மனித இயல்பு வாசலில் நின்றுவிடவில்லை. மூன்று, அவ்விடத்தைத் தாங்கியது ஊர். ஊர் தன் அரிசியையும் காவலையும் கொடுத்தது.

இனி நாம் பெற்ற ஆசிரியப் பயிற்சியிலிருந்து ஒரு செய்தியைக் கூற இசைவு வேண்டுகிறோம். நம்முடன் பயின்ற மாணவி ஒருவர் எழுத்துத் தேர்வுகளில் முதலாவதாக நின்றவர். அவர் எழுதும் பாடக்குறிப்பைப் பார்த்துத்தான் மற்றவர் எழுதுவோம். கற்பித்தல் பயிற்சிக்காக மாதிரிப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் நின்றபோது அவருக்குக் குரலே எழவில்லை. பல வாரங்கள் முயன்றார். பின்னர், "இந்தக் குழந்தைகளுக்கு நான் வேண்டாம்" என்று தாமே முடிவுசெய்து ஊருக்குத் திரும்பினார். பயிற்சிப் பள்ளி தன் கடமையைச் சரியாகவே செய்தது என்பது நம் கருத்து. வாழ்நாள் முழுவதும் நிகழவிருந்த துன்பத்தை ஓராண்டில் காட்டிக்கொடுத்துவிட்டது. ஊர் அவ்வாறு கருதவில்லை. 'பாதியில் வந்தவள்' என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. வரன் பேச வந்தவர்களும் அதனையே கேட்டனர். தம்மை உண்மையாக அளந்துகொண்ட ஒரு பெண்ணுக்கு அவ்வூர் அளித்த பரிசு அது.

முப்பதாண்டுக்கு மேல் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், திரும்பிச் செல்லத் துணியாமல் தங்கிவிட்ட ஆசிரியர் சிலரையும் கண்டோம். குழந்தைகளை வெறுத்துக்கொண்டே கற்பித்தனர். 'பாதியில் வந்தவர்' என்ற பெயருக்கு அஞ்சி முழுவாழ்வையும் பாழாக்கிக்கொண்டனர். அவர்கள் வகுப்பில் அமர்ந்த குழந்தைகளும் அதற்கு விலை கொடுத்தனர்.

ஆசிரியப் பணிக்கே இவ்வாறென்றால் துறவுக்கு எவ்வளவு? நாம் சொல்ல விழையும் மையக் கருத்து இதுவே. ஒரு சமயக் கல்லூரி துறவை ஆக்கித்தர இயலாது. துறவு வேட்கையைச் சோதித்துக் காட்ட அதனால் இயலும். அச்சோதனை நேர்மையாக இருக்கவேண்டுமெனின், உள்ளே செல்லும் வாயிலைப் போலவே வெளியே வரும் வாயிலும் திறந்திருத்தல் வேண்டும். வெளிவாயிலைத் திறந்துவைப்பவர் கல்லூரி முதல்வர் அல்லர், நாமே. திரும்பி வருபவனை நாம் எவ்வாறு வரவேற்போம் என்பது தெரியாதவரை, உள்ளே இருப்பவன் தங்கியிருப்பது பற்றின்மையாலா, நாணத்தாலா என்பதை அவனே அறிய மாட்டான். நாணத்தால் காக்கப்படும் விரதம் விரதமாகுமா?

கல்வியால் துறவு வருமா என்று ஐயுறுவோர் ஒரு சான்று காட்டக்கூடும். பூவிருந்தவல்லியிலேயே தோன்றியவர் என்று வைணவர் போற்றும் திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராசருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். பெரும்புலமை பெற்ற இராமாநுசரே அவரைக் குருவாகக் கொள்ள விழைந்தார் என்பது அவர்கள் மரபு. பட்டமா அவரை உயர்த்தியது? இல்லைதான். ஆயினும் தொண்டால் உயர்ந்த ஒருவரைக் காட்டிக் கல்வி வேண்டா என்பது, நீந்தத் தெரியாமல் கரையேறிய ஒருவனைக் காட்டிக் குழந்தைகளை ஆற்றில் இறக்குவதை ஒக்கும். மும்மணிகளில் நற்காட்சிக்கும் நல்லொழுக்கத்துக்கும் நடுவே நன்ஞானம் வைக்கப்பட்டுள்ளது. நடுமணி உதிர்ந்தால் மாலை நிற்காது.

கற்றவர் யாவரும் துறத்தல் வேண்டும் என்பதும் இல்லை. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் இல்லறத்தில் இருந்தவர். அரசுக் கல்லூரியில் மெய்யியல் கற்பித்தவர். பூவிருந்தவல்லிக் கல்லூரி தொடங்கிய அதே 1936இல் அவர் நீலகேசியை உரையோடு பதிப்பித்தார். பஞ்சாஸ்திகாயத்தையும் சமயசாரத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். அவரைப் போன்றோர் இலராயின் நம் நூல்கள் பல நமக்கே அயலாகியிருக்கும். நாள்தோறும் நாம் ஓதும் பஞ்ச நமஸ்காரத்தில் கற்பிக்கும் உபாத்தியாயருக்குத் தனியிடம் உண்டு என்பதையும் நினைவு கூர்க. சாதுக்களுக்கு முன்னதாகவே அவர் வணங்கப்படுகிறார்.

இன்று கற்க விரும்பும் பிள்ளைக்கு வழிகள் உள்ளன. காசியில் 1905இல் தோன்றிய சியாத்வாத மகாவித்தியாலயமும், 1991இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற லாட்னூன் ஜைன விசுவ பாரதியும் வடநாட்டில் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே சமணவியல் துறை இருக்கிறது. கல்லூரி எழுப்பப் பொருள் திரட்டுக என்று எடுத்த எடுப்பில் நாம் சொல்ல வரவில்லை. கட்டடத்துக்கு முன் வேண்டுவது மனம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை அறநூல் கற்க விரும்பினால், அழவும் வேண்டா. ஊரெல்லாம் சொல்லிக் கொண்டாடவும் வேண்டா. கண்ணீர் தடையாகும், கொண்டாட்டம் விலங்காகும். "சென்று கற்றுப் பார். எப்பொழுது திரும்பினாலும் இது உன் வீடு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கு அவனை மெய்யான துறவியாக்கவும் கூடும். நல்ல இல்லறத்தானாகத் திருப்பி அனுப்பவும் கூடும்.

ஊர்ப் பெரியோர்க்கு ஒரு சொல். கற்றுத் திரும்பியவரைக் 'கைவிட்டு வந்தவர்' என்னாதீர். ஜினாலயத்தில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குக் கற்பிக்க அவரை அழையுங்கள். கற்ற நான்கு ஆண்டுகள் வீண்போகவில்லை என்பதை அவரும் உணர்வார். குழந்தைகளும் பயன் பெறுவர்.

இளையோர்க்கும் ஒரு சொல். எவரும் அழைக்கவில்லையே என்று காத்திராதீர். நம் நெறியில் அழைப்பு வெளியிலிருந்து வருவதில்லை. அவசரப்படவும் வேண்டா. முதற்படியில் உறுதியாக நில்லுங்கள். ஒரு நூலை முழுதும் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த படிக்குக் கால் எழுகிறதா என்று உங்கள் ஒழுக்கமே சொல்லும்.

வேடல் ஊரார் ஐந்நூறு மாணவியர்க்குச் சோறிட்டபோது, அவருள் எத்தனை பேர் இறுதிவரை துறவில் நிற்பர் என்று கணக்குக் கேட்டதாகக் கல்லில் எழுத்தில்லை. கற்போரைக் காப்பது தம் கடன் என்று கொண்டனர். அக்கடனுக்கு நாமும் உரியவர்களே.

வளர்க நல்லறம்!